துவர்ப்பில் தொடங்குங்கள்: இத்தாலியச் சிவப்பு ஒயின்களை நம்மூரில் வைத்து ஒப்பிட

கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை) கடித்து உறிஞ்சியவருக்கு டானின் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சாறு இனிப்பாக இறங்கும். அடுத்த நொடி ஈறும் கன்னத்தின் உட்புறமும் காய்ந்து இழுத்துப் பிடிக்கும். எச்சிலில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களை டானின் பிடித்துத் திரட்டிவிடுவதால் வரும் இழுப்பு அது. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது இதே சங்கதிதான். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ, பழுக்காத மட்டி வாழை என்று சின்ன வயதிலேயே பழகிய நாக்கு. இத்தாலியச் சிவப்பு ஒயின்களைத் திராட்சை வாரியாகப் பிரித்தறிய மூக்கைவிட இந்த நாக்கை நம்பலாம் என்பது என் கட்சி.

மூக்கு தேவையில்லை என்று சொல்லவில்லை. வாசனைக்கு நாம் கற்கும் சொற்கள் எல்லாம் வேறு தோட்டத்துப் பழங்கள் என்பதுதான் சிக்கல். புத்தகங்கள் செர்ரி, பிளம், வயலட் என்று அடுக்கும். பேக்கரி கேக்கின் உச்சியில் செர்ரி என்று நாம் தின்பது பெரும்பாலும் சாயமும் சீனிப்பாகும் ஏற்றிய களாக்காய். அந்த வாசனையைக் கியாந்தி போன்ற ஓர் இத்தாலியச் சிவப்பு ஒயினில் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது. புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, வாயில் உட்காரும் கனம் ஆகிய நான்குக்கும் அப்படி மொழிபெயர்ப்பு வேண்டாம். இத்தாலியத் திராட்சைகள் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடுவதும் இந்த நான்கில்தான்.

பாட்டிலைத் திறப்பதற்கு முந்தின நாளே கட்டஞ்சாயாவில் (பால் விடாத சாயாவில்) ஒரு பயிற்சி செய்துவிடுங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்கள், ஒவ்வொன்றிலும் 150 மி.லி. கொதிநீர், 2 கிராம் சாயாப்பொடி. முதல் தம்ளரை ஒரு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இரண்டாவதைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். மூன்றாவதை ஒரு நிமிடத்தில் வடித்து ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். சீனி கூடாது. நன்றாக ஆறியபின் குடித்துப் பாருங்கள். இரண்டாவது ஈறை இழுக்கும், அது துவர்ப்பு. மூன்றாவதில் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும், அது புளிப்பு. ஒன்று வாயைக் காயவைக்கிறது, இன்னொன்று ஊறவைக்கிறது. ஒயினில் இரண்டும் சேர்ந்தே வருவதால் புதியவர்கள் இரண்டையும் 'கடுப்பு' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்து இரண்டாவது தம்ளரிலும் அதே அளவு எலுமிச்சை விடுங்கள். துவர்ப்பு இன்னும் ஏறியதுபோல் இருக்கும், ஏனென்றால் புளிப்பு டானினைத் தூக்கிக் காட்டும். நெப்பியோலோ, அல்யானிகோ என்ற இரண்டு இத்தாலியத் திராட்சைகள் ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாகப் படுகின்றன என்பதற்கு விடை அந்தத் தம்ளரில் இருக்கிறது. கடைசியாக ஒரு தேக்கரண்டி சீனி போடுங்கள். இரண்டும் பதுங்கிவிடும்.

அந்தச் சீனித் தம்ளர்தான் நம் கிறிஸ்துமஸ் வீட்டு ஒயின். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட அதே எடை சீனி போட்டுப் பரணியில் அடைத்தால் ஈஸ்ட்டால் அத்தனையையும் தின்று முடிக்க முடியாது. மிச்சம் இனிப்பாக நிற்கும். பன்னீர் திராட்சை மஸ்கட் வகை என்பதால் வாசனையும் பழத்தின் வாசனையாகவே இருக்கும். இத்தாலியில் சீனி சேர்த்துப் புளிக்கவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பெரும்பாலான சிவப்பு ஒயின்களில் திராட்சையின் சொந்தச் சர்க்கரையே ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகிவிடும், லிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழேதான் மிஞ்சும். வீட்டு ஒயினை மனதில் வைத்துக்கொண்டு, நெப்பியோலோவில் செய்யும் பாரோலோவை வாயில் வைப்பவர் 'புளிச்சுப் போச்சு' என்று கீழே வைப்பது இதனால்தான்.

வெயில் செய்யும் கோளாறு

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்ற விதி குளிர்நாட்டுக் கல்வீட்டு அறைக்கு எழுதியது. அங்கே அது 16 முதல் 18 டிகிரி. நாகர்கோவிலில் பங்குனி மாதத்து அறை 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும், புளிப்பு மந்தமாகும், எல்லாத் திராட்சையும் ஒரே வேகவைத்த பழமாகத் தெரியும். மறுபக்கம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு 5 டிகிரியில் குடித்தால் வாசனை எழாது, துவர்ப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பாட்டில் 14 டிகிரியிலும் இன்னொன்று 20 டிகிரியிலும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது திராட்சையை அல்ல, வெப்பத்தை. நம்மூரில் ஒப்பீடு பாழாவதற்கு முதல் காரணம் இதுதான். திராட்சைப் பெயர், வருடம், விலை எல்லாம் இதற்குப் பிறகு.

30 டிகிரியில் இருக்கும் 750 மி.லி. பாட்டில் ஃபிரிட்ஜில் 16 டிகிரிக்கு வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும், 14க்கு இன்னும் கொஞ்சம். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸும் பாதி தண்ணீரும் விட்டுக் கழுத்து வரை அமுக்குங்கள். சுமார் கால் மணி நேரம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளிகளில் காற்று நிற்பதால் குளிர் மெதுவாகத்தான் ஏறும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் கார்க் துருத்தும், சிலபோது பாட்டிலே வெடிக்கும். கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் குச்சி வெப்பமானி ஒன்றை வாங்கி ஊற்றிய கண்ணாடியில் நேரே வைத்துப் பாருங்கள். 40 மி.லி. ஒயின் நம் அறையில் மளமளவென்று சூடேறும். ஆகவே 14 டிகிரியில் ஊற்றி, 16க்கும் 18க்கும் இடையில் இருக்கும்போது ருசித்து முடிப்பதுதான் கணக்கு.

மின்விசிறியை முகரும் நேரத்தில் நிறுத்துங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, பக்கத்து முற்றத்தில் காயும் கருவாடு, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு மூக்கு உங்களுடையதல்ல. அலமாரியில் கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கோப்பைகளில் மரவாசனையோ பாச்சை உருண்டை வாசனையோ ஏறியிருக்கும். வெந்நீரில் அலசிக் காற்றில் உலர்த்தி, முதலில் ஒரு தேக்கரண்டி ஒயின் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். வாய் குறுகி வயிறு அகன்ற கோப்பை வேண்டும். ஒப்பீட்டுக்கென்றே சர்வதேசத் தர அமைப்பு வகுத்த கோப்பை சுமார் 215 மி.லி. கொள்ளும், அதில் 50 மி.லி. ஊற்றுவார்கள். எவர்சில்வர் தம்ளரில் நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது.

ஒருவருக்கு ஒரே மாதிரி மூன்று கோப்பைகள். 40 மி.லி. வீதம் ஒரு பாட்டில் 18 முறை வரும். ஆறு பேர் கூடினால் மூன்று சுற்று. ருசிக்காத ஒருவர் பாட்டில்களைத் தினத்தாளில் சுற்றி எண் போட்டு ஊற்றட்டும். மூன்றையும் முதலில் முகர்ந்துவிட்டு அப்புறம்தான் வாயில் வைக்க வேண்டும். 10 மி.லி. அளவுக்கு ஒரு மிடறு, பத்து நொடி வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டு, சுவை மறையும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். துப்புவதற்கு மூடி போட்ட பிளாஸ்டிக் மக்கு போதும். கூச்சப்பட்டு விழுங்கினால் ஐந்தாவது கோப்பையில் எல்லாமே 'நன்றாக' இருக்கும். தாளில் நான்கு கட்டம் போட்டுப் புளிப்பு, துவர்ப்பு, சூடு, கனம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் எழுதுங்கள். வாசனையைக் கடைசியில் சொந்தச் சொற்களில் எழுதினால் போதும்.

இடையில் நாக்கைத் துடைக்க உப்புப் போடாமல் அவித்த மரச்சீனிக்கிழங்கு ஒரு துண்டு. ரொட்டியைவிட இது நல்லது, நம்மூர் பேக்கரி ரொட்டியில் சீனி தூக்கலாக இருக்கும். துவர்ப்பு வாயில் அடுக்கடுக்காக ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்: மூன்றாவது கோப்பை முதலாவதைவிடக் கடுமையாகப் படுவதில் பாதி முதலாவதின் பாக்கி. வரிசையைத் திருப்பிப்போட்டு இன்னொருமுறை ருசித்தால் உண்மை தெரியும்.

முதல் மூன்று பாட்டில்கள்

தொடங்குவதற்கு வடமேற்கு இத்தாலியின் பியமோந்தே மாநிலத்து லாங்கே குன்றுகளைவிடத் தோதான இடமில்லை. தோல்செத்தோ, பார்பேரா, நெப்பியோலோ மூன்றும் ஒரே குன்றுகளில் வளர்கின்றன. நெருங்கிய வருடம், புது ஓக் பீப்பாய் ஏறாத சாதாரண தரம் என்று தேர்ந்தெடுத்தால் மீதமிருக்கும் வேறுபாடு திராட்சையினுடையது.

தோல்செத்தோ செப்டம்பரிலேயே பழுக்கும். அதனால் வெயில் குறைந்த, மற்ற இரண்டும் பழுக்கத் திணறும் சரிவுகளை இதற்கு ஒதுக்குவார்கள். பெயருக்கு 'குட்டி இனிப்பு' என்று பொருள். ஒயினில் இனிப்பு இருக்காது. கத்தரிப்பூ ஊதா நிறம், குறைந்த புளிப்பு, நடுத்தரத் துவர்ப்பு, முடிவில் வாதுமைப் பருப்புத் தோலின் லேசான கசப்பு. புளிப்பு இல்லாத துவர்ப்பு எப்படி இருக்கும் என்று காட்டும் பாடம் இது, அந்த இரண்டாவது கட்டஞ்சாயா மாதிரி.

பார்பேரா நேர் எதிர். மை போல் கருத்த நிறத்தைப் பார்த்து ஈறு இறுகப்போகிறது என்று காத்திருப்பீர்கள், ஒன்றும் நடக்காது. துவர்ப்பு மிகக் குறைவு. புளிப்போ நன்றாகப் பழுத்த பிறகும் இறங்காத இனம். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நிறத்தை வைத்து வீரியத்தைக் கணிக்கும் பழக்கத்தை முறிக்க இது ஒன்றே போதும். இந்தத் திராட்சைக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. 1986இல் வடஇத்தாலியில் மெத்தனால் கலந்த மலிவு ஒயின்களைக் குடித்துப் பலர் இறந்தபோது பார்பேராவின் பெயரும் சேர்ந்து நாறியது. அஸ்தி பகுதிப் பார்பேராவுக்கு 2008இல் மிக உயர்ந்த தரவரிசையான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது. வாங்கும்போது ஒரு கவனம்: சிறிய புது ஓக் பீப்பாயில் வைத்த பார்பேராவுக்குத் துவர்ப்பு மரத்திலிருந்து வரும், வெனிலா வாசனையும் சேர்ந்திருக்கும். ஒப்பீட்டுக்கு அதை எடுத்தால் திராட்சையைப் பற்றித் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

நெப்பியோலோ அக்டோபரில், மற்ற இரண்டும் அறுவடையாகித் தொட்டியில் நுரைக்கும்போது, பறிக்கப்படும். மூடுபனிக்கான இத்தாலியச் சொல்லோடு இதன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். கோப்பையில் இது இளைத்த நிறம், அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படித்துவிடலாம். விளிம்பில் சில வருடங்களிலேயே செங்கல் நிறம் ஓடும். நோஞ்சான் என்று நினைத்து மிடறு விழுங்கினால் ஈறு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். துவர்ப்பு 5, புளிப்பு 5, சூடு 4 என்று எழுதிவிடலாம். வாசனைக்கு ரோஜாவும் தாரும் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் ஜோடி. இதில் மட்டும் புத்தகம் நம் பக்கம். தோவாளைச் சந்தையில் மதியத்துக்குமேல் மிஞ்சிக் கிடக்கும் வாடிய ரோஜா, அதன் பின்னால் வெயிலில் இளகிய புதுத் தார்ச்சாலை. புது ரோஜா வாசனை அல்ல, வாடியது.

நெப்பியோலோவுக்குப் பாரோலோ வாங்க வேண்டுமென்பதில்லை. லாங்கே நெப்பியோலோ என்று லேபிளில் வருவது அதே திராட்சை, இளமையில் குடிக்கத் தோதாகச் செய்தது, விலையும் பல மடங்கு குறைவு. பாரோலோ அறுவடை வருடத்து நவம்பர் 1இலிருந்து குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். அதே திராட்சையில் செய்யும் பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. ஐந்து வருடப் பாரோலோகூட முரடாகத்தான் இருக்கும். அதைத் திறந்து இரண்டு மணி நேரம் காற்றாட வைக்கச் சொல்வார்கள், நம் சூட்டில் அகன்ற ஜாடியில் இரண்டு மணி நேரம் வைத்தால் வெந்த சாறாகிவிடும். ஜாடியில் ஒருமுறை கொட்டி, பாட்டிலுக்கே புனல் வைத்துத் திருப்பி ஊற்றி, மூடாமல் ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். காற்றும் கிடைத்துவிடும், சூடும் ஏறாது.

பெயர்க் குழப்பமும் சாஞ்ஜோவேசேயும்

இத்தாலியில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை சாஞ்ஜோவேசே. டஸ்கனிதான் அதன் வீடு. லேபிளில் திராட்சைப் பெயர் இருக்காது, ஊர்ப்பெயர்தான் இருக்கும். கியாந்தி என்றால் குறைந்தது 70 விழுக்காடு, கியாந்தி கிளாசிகோ என்றால் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்ஜோவேசே. சியாந்தி என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு கியாந்தி. கிளாசிகோ என்பது ஃப்ளாரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவில் உள்ள மூலப் பகுதி, பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். மிச்ச 20 விழுக்காட்டில் கேபர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சுத் திராட்சைகள் வரலாம். கருத்துப்போன, பச்சை மிளகாய் வாசனை அடிக்கும் கியாந்தி கையில் கிடைத்தால் அந்த வாசனை கேபர்னேயினுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். திராட்சையைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் மொந்தால்ச்சீனோ ஊரின் ரோஸோ தி மொந்தால்ச்சீனோ நல்லது. 100 விழுக்காடும் சாஞ்ஜோவேசே. அதே ஊரின் புருனெல்லோவும் 100 விழுக்காடுதான், ஆனால் அறுவடைக்குப் பின் ஐந்தாவது வருட ஜனவரியில்தான் கடைக்கு வரலாம் என்பதால் விலை எங்கோ போய்விடும்.

சாஞ்ஜோவேசேயின் சுவைக்கு விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முற்றங்களில் நிற்கும் லூபிக்காவை நினைத்துக்கொள்ளலாம். சிவந்த பழம், கடித்தால் முதலில் புளிப்பு, பின்னாலேயே நிதானமான துவர்ப்பு. நெப்பியோலோவுக்கு இணையான புளிப்பு, அதைவிட ஒரு படி இறங்கிய டானின், நடுத்தர நிறம். சாயாப்பொடி டப்பாவைத் திறக்கும்போது எழும் காய்ந்த இலை வாசனை இதில் அடிக்கடி வரும். இரண்டையும் தினத்தாள் சுற்றி வைத்துப் பிரிப்பதுதான் நடுத்தரப் பரீட்சை. தடுமாறினால் ஈறைக் கேளுங்கள்: நெப்பியோலோவின் இழுப்பு மேலீறில் முன்பல்லுக்கு மேலே நின்று பிடிக்கும், சாஞ்ஜோவேசேயினது வாய் முழுக்கப் பொடியாகப் பரவும். இது என் வாயின் கணக்கு, உங்கள் வாய்க்கு வேறு அடையாளம் அமையலாம்.

வெளிநாட்டுப் பாட்டில் கிடைக்காதவர்களுக்கு மகாராஷ்டிரத்து அக்லூஜில் ஃப்ரத்தெல்லி என்ற ஒயின் நிறுவனம் வளர்க்கும் சாஞ்ஜோவேசே இருக்கிறது. வெயில் அதிகமான நிலம் என்பதால் புளிப்பு இறங்கியும் பழம் கனிந்தும் வரும். டஸ்கனிக்கு மாற்றாக அல்ல, பக்கத்தில் வைத்து நிலம் என்ன செய்கிறது என்று பார்க்க வாங்கலாம்.

எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறும் இடம் மொந்தேபுல்ச்சானோ. டஸ்கனியில் அது ஓர் ஊர். அங்கே செய்யும் வீனோ நோபிலே தி மொந்தேபுல்ச்சானோவில் குறைந்தது 70 விழுக்காடு சாஞ்ஜோவேசே. அப்ரூத்சோ மாநிலத்தில் மொந்தேபுல்ச்சானோ என்பது ஒரு திராட்சை. ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாளையங்கோட்டன் வாழைக்குலையைத் தக்கலையில் வெட்டுவதுபோலத்தான். மொந்தேபுல்ச்சானோ தாப்ரூத்சோ கருத்த நிறமும் மிதமான புளிப்பும் உருண்ட துவர்ப்பும் கொண்டது, விலையும் கைக்கு அடக்கம். வீட்டில் எறச்சி வறுவல் வைக்கும் நாளுக்கு நான் எடுப்பது இதைத்தான்.

தெற்கே இறங்கினால்

வெயில் நாடு என்றால் எல்லாம் கனிந்த, சூடான ஒயின் என்று நினைப்பது தவறு. காலணி வடிவ நாட்டின் குதிகாலில் உள்ள பூலியாவின் ப்ரிமித்தீவோ மட்டும் அந்த நினைப்பைக் காப்பாற்றும்: சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர், 14 முதல் 15 விழுக்காட்டுக்கும் மேல் ஆல்கஹால், குறைந்த துவர்ப்பு, பேரீச்சையும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்த வாசனை. கலிஃபோர்னியாவின் சின்ஃபண்டெல் இதே திராட்சை என்று 1990களில் டி.என்.ஏ. சோதனையில் தெரிந்தது, 2001இல் மூலக் கொடியைக் குரோஷியக் கடற்கரையில் கண்டுபிடித்தார்கள். பல ப்ரிமித்தீவோக்களில் கொஞ்சம் சர்க்கரையை மிச்சம் வைக்கிறார்கள். வீட்டு ஒயின் பழகியவர்களுக்கு இது முதல் மிடறிலேயே பிடித்துவிடும். எனக்கு இரண்டாவது கோப்பையில் திகட்டும்.

அல்யானிகோவை வேறு உலகம் என்றே சொல்லலாம். கம்பானியாவின் தௌராசியிலும் பசிலிகாதாவில் அணைந்துபோன எரிமலையான வுல்தூரேயின் சரிவிலும் வளர்வது. தெற்கில் இருந்தும் உயரத்தில் இருப்பதால் அக்டோபர் கடைசி, சிலபோது நவம்பர் வரை கொடியில் நிற்கும். கருத்த நிறம், உச்சப் புளிப்பு, உச்சத் துவர்ப்பு. தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எழும் வாசனையை இதில் தேடுங்கள். தௌராசி ஒயின் மூன்று வருடம் கழித்துத்தான் வெளிவரலாம். நெப்பியோலோவோடு அருகருகே வைத்தால் வாயில் இரண்டும் ஒரே பலம், கண்ணுக்கு மட்டும் ஒன்று வெளிறியது, இன்னொன்று இருட்டு. கண்ணை மூடிக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடிகிறவர் தேறிவிட்டார்.

சிசிலியில் இரண்டு. நேரோ தாவொலா ஞாவல்பழச் சாயல், மென்மையான துவர்ப்பு, முதல் பாட்டிலாக வாங்க நல்லது. எட்னா எரிமலைச் சரிவில் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரைகூட வளரும் நெரெல்லோ மாஸ்கலேசே நிறத்திலும் ஈறைப் பிடிப்பதிலும் நெப்பியோலோவின் சொந்தக்காரன் போல இருக்கும். எட்னா ரோஸோ என்று லேபிளில் இருந்தால் குறைந்தது 80 விழுக்காடு அது. எரிமலை மணலில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிழைக்கத் திணறுவதால் ஒட்டுக்கட்டாத பழங்கொடிகள் இன்னும் அங்கே நிற்கின்றன.

அமரோனேயை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். வெரோனா பக்கம் கொர்வீனா முதலான திராட்சைகளை மூன்று, நான்கு மாதம் பரணில் உலர்த்தி, எடையில் மூன்றில் ஒரு பங்கு போல இழந்தபின் பிழிவது அது. குறைந்தது 14 விழுக்காடு ஆல்கஹால். அங்கே நாம் ருசிப்பது திராட்சையைவிட உலர்த்தலை. கொர்வீனாவைப் பார்க்க அதே பக்கத்துச் சாதாரண ஒயினான வால்பொலிச்செல்லா போதும். உம்ப்ரியாவின் சாக்ராந்தீனோவோ கொல்லாம்பழத்தையே தோற்கடிக்கும் டானின், அதைக் கடைசியில் வையுங்கள், அதன்பின் எதையும் ருசிக்க முடியாது.

பாட்டில் வரும் வழி

இவ்வளவும் ஒரு கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர் 2 லிட்டர் மதுவைச் சுங்கத்தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டில் என்றால் இரண்டு, மூன்றாவது கணக்கை மீறும். 375 மி.லி. அரைப்பாட்டில்கள் என்றால் ஐந்து, 1.875 லிட்டர். ஒப்பீட்டுக்கு ஐந்து அரைப்பாட்டில்தான் லாபம், நாலைந்து பேருக்குச் சரியான அளவு. திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை வழியாக வருவதானால் மாநில எல்லைக்கான விதி தனி. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பாட்டிலைக் கார் டிக்கியில் விட்டுப்போக வேண்டாம். மூடிய டிக்கியின் சூடு ஒரு மணி நேரத்தில் பழத்தைச் சமைத்துவிடும்.

சூடு பட்ட பாட்டிலுக்கு அடையாளம் உண்டு. கார்க் கண்ணாடி விளிம்புக்கு மேலே தள்ளியிருக்கும், உறைக்குக் கீழே பிசுபிசுக்கும், ஒயின் மட்டம் குறைந்திருக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கடையில் வாங்க வேண்டாம். வீட்டில் கான்கிரீட் கூரைக்குக் கீழான மாடி அறையும் பரணும் ஆகாது. பத்தாயம் கிடந்த பழைய ஓட்டு வீட்டு அறை சில வாரம் தாங்கும். அதற்குமேல் ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டிதான்.

திறந்தபின் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்து, பழமே இல்லாமல் ஊமையாக இருந்தால் கார்க்கிலிருந்து வந்த டி.சி.ஏ. என்னும் கெடுதல். காற்றாட வைத்தாலும் போகாது, நேரம் ஆக ஆகக் கூடும். அழுகிய முட்டை, தீக்குச்சி, ரப்பர் ஷீட் வாசனையானால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறை. வேகமாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பல சமயம் விலகும். நகப்பூச்சு வாசனையோ காடியின் குத்தலோ வந்தால் பாட்டிலை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சாஞ்ஜோவேசேயின் இயல்பான புளிப்பைக் காடியாகிவிட்டது என்று நினைத்துக் கொட்டுபவர்களும் உண்டு. புளிப்பு நாக்கில் தெரியும், காடி மூக்கிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாட்டோடு ஒப்பிடுவதைத் தனி நாளாக வையுங்கள். மீன் புளிமுளத்தின் கொடம்புளிக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் எல்லாம் சப்பென்று ஆகிவிடும், தோல்செத்தோவும் ப்ரிமித்தீவோவும் அங்கே தோற்கும். பார்பேராவை 13 டிகிரிக்குக் குளிர்வித்தால் தாங்கும். ஆனால் சாளை, அயிலை போன்ற நெய்ப்பிடிப்பான மீனோடு எந்தச் சிவப்பும் வேண்டாம். ஒயினில் இருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். வாயில் அது துருப்பிடித்த ஆணியாகத் தெரியும். காந்தாரி மிளகு அரைத்த எதனோடும் 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒயின் தீயை ஏற்றும். தேங்காய்ப் பல் போட்டு வறுத்த எறச்சியோடு அல்யானிகோ நன்றாகவே நிற்கும், கொழுப்பும் புரதமும் டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு இடம் கொடுப்பதால் ஈறு தப்பிக்கும். உள்ளித் தீயலுக்குச் சாஞ்ஜோவேசே.

மிஞ்சியதைப் பாதிப் பாட்டிலில் வைத்தால் மேலே நிற்கும் காற்று மறுநாளே தட்டையாக்கும். 180 மி.லி. அல்லது 375 மி.லி. கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். நெப்பியோலோவும் அல்யானிகோவும் இரண்டாம் நாளில் இளகி முதல் நாளைவிட நன்றாக இருப்பது சகஜம். அதையும் தாளில் தேதி போட்டு எழுதுங்கள். பார்பேரா இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். தோல்செத்தோவை அன்றே முடித்துவிடுவது மேல். நான்காம் நாள் மிஞ்சியது எதுவானாலும் ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 100 மி.லி. கணக்கில் மிளகும் கிராம்பும் தட்டிப்போட்டு இரவு முழுக்க ஊறவைத்துவிடலாம்.